கேமராவுக்கு முன் மஞ்சளைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கை மீறுவோரைப் படம்பிடிக்கும் கேமராக்கள் அவசியம்தான். ஆனால் முதலில் மஞ்சள் விளக்கின் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்குச் சுமார் 14 மீட்டர் ஓடும். ஓட்டுநர் சுதாரிக்க 1 நொடி. சீராக பிரேக் பிடித்தால் நிற்க மேலும் 32 மீட்டர். ஆக 46 மீட்டர் தேவை. மஞ்சள் 3 நொடியில் முடிந்தால், நிறுத்தக்கோட்டுக்கு 44 மீட்டர் முன்னால் இருப்பவரால் நிற்கவும் முடியாது, சிவப்பு விழுமுன் கோட்டைத் தாண்டவும் முடியாது. இவருக்கு அபராதம் விதிப்பது அநியாயம். அரை நொடி கூட்டினாலே போதும். மழைக்காலத்தில் இன்னும் கூட்ட வேண்டும்.

நிறுத்தக்கோடு அழிந்த இடத்தில் கேமரா படம் எதையும் நிரூபிக்காது. முதலில் கோட்டைப் போடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ கேட்கும், கேமரா இருப்பதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையையும் கண்ணில் படும்படி வையுங்கள்.

– சாலைப் பொறியாளர், சென்னை