அப்பாவின் போனைப் பிடுங்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய பட்டன் போன் ஒன்றைக் கொடுக்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். உன் கோபம் நியாயம்தான். ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனை நம்பி அப்பா பணத்தை இழந்ததைவிட, அது நமக்கு நான்கு நாள் கழித்துத் தெரிந்ததுதான் எனக்கு வலித்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இரண்டு பேரும் திட்டுவீர்கள்" என்றார்.

அந்த நான்கு நாளை மோசடிக்காரனுக்குக் கொடுத்தது நாம்தான். பறிபோன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். முதல் சில மணி நேரத்திலேயே வங்கிக்குத் தெரிந்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு கடினம்.

அப்பா ஏமாளி இல்லை. நாற்பது நிமிடம் அவரைப் போனை வைக்கவே விடவில்லையாம். கணக்கு முடங்கிவிடும், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரே பேச்சு. இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து, வந்த ஓடிபியைக் கடித உறை ஒன்றின் பின்பக்கம் எழுதி, ஒவ்வோர் இலக்கமாக வாசித்திருக்கிறார். அந்த உறையைப் பார்த்தேன். 7 என்பது 1 போலத் தெரியக் கூடாதென்று குறுக்கே கோடு போட்டிருக்கிறார். அவ்வளவு கவனமான மனிதர்!

திரையில் வங்கியின் எண்தான் தெரிந்தது என்கிறார். அது பொய்யில்லை. வேறெங்கிருந்தோ அழைத்துக்கொண்டு வங்கியின் எண்ணைக் காட்ட அவர்களால் முடியும். அனுப்புநர் பெயரைப் போலியாக வைத்தால், குறுஞ்செய்தியும் வங்கியின் உண்மையான செய்திகளுக்கு அடியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று அவருக்குப் பெரிய மேதாவிகள்போல் பாடம் எடுத்தது நாம்தானே? இப்போது ஒன்றே ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறேன்: யாராக இருந்தாலும் வைத்துவிட்டு, அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். மின்னஞ்சலில் இணைப்பு வந்தாலும் அதே வழிதான். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் பேச்சே வேண்டாம். அதன் பிறகு ஓடிபியை வாசிக்கக்கூடத் தேவையில்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அவர் சம்மதத்தோடு ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்துவிட்டோம். இனி, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது அழைக்கலாம். ஒருமுறை ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாவது கும்பல் வருவது வழக்கம். அதையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் குரலிலேயே அழைப்பு வரவும் கூடும். சில நொடிப் பதிவு கிடைத்தால் போதும், குரலை நகலெடுத்துவிடுகிறார்கள். அதற்காக வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்பாவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அம்மாவின் காதில் சொல்லிவிட்டார். நேற்று போனில் என்னவென்று கேட்டேன். "நேரில் வா, சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார். நீயும் வந்து கேட்டுக்கொள்.

அன்புடன்,
அக்கா