சைக்கிள் பந்தயத்தில் தனி ஆள்

ஆசிரியருக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பந்தயம் ஓட்டும் ஐம்பது வயதுக்காரர்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது அணி ஆட்டம்தான். ஒருவர் பிய்த்துக்கொண்டு ஓடுவார். துரத்துகிறவரின் பின்சக்கரத்தில், காற்று படாத மறைவில், ஓடியவருடைய கூட்டாளி நோகாமல் ஒட்டி வருவார். துரத்தியவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து அந்தக் கூட்டாளி பாய்வார். அணியில்லாத தனி ஆள் இப்படி யார் பாய்ந்தாலும் எழுந்து மிதிக்கக் கூடாது. இரண்டு பெரிய அணிகளின் ஆட்களும் சேர்ந்து கிளம்பினால் மட்டும் உடனே ஒட்டிக்கொள்ளலாம். பின்னாலிருக்கும் அவர்களது கூட்டாளிகள் துரத்த மாட்டார்கள்.

வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பியதும், புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிப் போகையில் முன்னவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்தங்கியே மறைவு கிடைக்கும். அவர் சக்கரத்தில் உரசினால் விழுவது பின்னவர். அமைப்பாளர்கள் எல்லா வயதினரையும் ஒன்றாக விடாமல் வயதுவாரியாகத் தனித்தனியே புறப்பட விடலாமே?

வாசகர், புதுச்சேரி