ஒருவர் வென்றதைக் காட்டி மற்றவர்களைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகிற ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளில் ஒரு படம் வரும். பூசி முடியாத கல்வீட்டுக்கு முன்னால், தாயின் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கும். தகப்பன் கடற்றொழிலாளியாக இருப்பார், அல்லது இறந்திருப்பார். பிள்ளைக்கு மருத்துவ பீடமோ பொறியியல் பீடமோ கிடைக்கும் என்று செய்தி சொல்லும். அண்மையிலும் அப்படி ஒரு செய்தி வாசித்து மனம் நிறைந்தேன். ஆனால் அதன் கடைசியில் வழக்கமான வரியும் இருந்தது: மனம் வைத்தால் எவரும் சாதிக்கலாம், வறுமை ஒரு தடையே அல்ல. அந்த வரியை மறுத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிராம அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். சனம் இன்னும் 'விதானையார்' என்றுதான் கூப்பிடுகிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வங்கியில் கடன் எடுக்க, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க, வீட்டுத்திட்டத்தில் பெயர் பதிய, வீட்டில் நடந்த மரணத்தை அறிவிக்க என்று எல்லாவற்றுக்கும் கிராம அலுவலரின் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். அதனால் ஒரு குடும்பம் முதலில் எங்கே இடறியது, பிறகு எங்கே இடறியது என்பதையெல்லாம் ஒரே கதிரையில் இருந்து பார்க்க முடிந்தது. பின்னால் நின்று தொடங்குகிற குடும்பம் அந்தக் குறையை ஒருதரம் தாண்டினால் போதும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் தாண்டினால் வங்கியில் அதே குறை நிற்கும். வங்கியில் எப்படியோ சமாளித்தால் மகளின் கலியாணத்தில் திரும்பவும் வந்து நிற்கும்.

'யுத்தம் எல்லாருக்கும்தானே வந்தது, நாங்களும் இடம்பெயர்ந்துதானே எழும்பினோம்' என்று சிலர் சொல்வார்கள். இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறிய 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தது உண்மை. பேராசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே மழையில் ஒரே வீதியில் நடந்தார்கள். ஆனால் அடுத்த வருடம் திரும்பி வந்தபோது, ஒருவருக்குக் கூரை போன வீடென்றாலும் சொந்த வளவுக்குள் நின்றது. மற்றவருக்கு வளவே இருக்கவில்லை. பாதை ஒன்றுதான், போய்ச் சேர்ந்த இடம் ஒன்றல்ல.

வலிகாமம் வடக்கின் கதை இதைவிடத் தெளிவானது. 1990 ஜூனில் மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பகுதிச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. கையில் கொஞ்சம் காசும் வெளிநாட்டில் ஒரு சகோதரமும் இருந்தவர்கள் சில வருடங்களுக்குள் இணுவிலிலோ கோண்டாவிலிலோ காணி வாங்கினார்கள், அல்லது கொழும்புக்குப் போனார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் மல்லாகம் கோணாப்புலம் போன்ற நலன்புரி முகாம்களில் தங்கினார்கள். தற்காலிகமாகத்தான் போனார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்றார்கள். மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. 27 வருடம். சொந்தக் கரையும் வள்ளமும் வைத்திருந்த மனிதர் அந்த 27 வருடமும் வேறு ஊர்ச் சம்மாட்டியிடம் (வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளியிடம்) கூலிக்குப் போனால், அவருடைய மகன் எதிலிருந்து தொடங்குவான்?

காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது காணி உறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் போனார்கள். அது நல்லது. ஆனால் முகாமில் கடைசிவரை மிஞ்சிய குடும்பங்களில் பல, இடம்பெயர்வுக்கு முன்னரும் சொந்தக் காணி இல்லாதவை. யாரோ ஒருவருடைய வளவில், அவருடைய தோட்டத்தில் வேலை செய்துகொண்டு, வாய்ச்சொல்லை நம்பித் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். அவர்களுக்கு விடுவித்துக் கொடுக்க எதுவுமே இருக்கவில்லை. இதில் சாதி இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. கோயிலிலும் கடையிலும் கிணற்றடியிலும் மறிப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போக நடத்திய போராட்டத்தை என் வயதுக்காரர் எல்லாரும் அறிவார்கள். கதவைத் திறக்கச் சட்டம் உதவியது. கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அது ஒரு குழிக் காணிகூடக் கொடுக்கவில்லை. காணி இல்லாமைதான் இன்றும் மிச்சம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். பயனாளி தன் காணியில் தானே வீட்டைக் கட்ட வேண்டும். வேலை நகர நகரப் பணம் பகுதி பகுதியாக வரும். காணி இல்லாதவர் எங்கே அத்திவாரம் போடுவது? வீடு மிகவும் தேவைப்பட்டவரே பட்டியலுக்கு வெளியே நின்றார். காணி இருந்தவர்களிலும், கையில் நகை இருந்தவர் அதை அடகு வைத்துப் பூசி முடித்தார். நகை இல்லாதவர் யன்னலுக்குத் தகரம் அடித்தபடி குடியேறினார்.

தரம் 1 அனுமதியைப் பாருங்கள். விண்ணப்பம் கூடிய பாடசாலைகளில் பாதி இடம் அயலில் குடியிருப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் சகோதரருக்கு. குடியிருப்பை நிறுவப் பெரும்பாலும் காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் கேட்பார்கள். ஒரு தாய் அந்தப் படிவத்தோடு என் முன்னால் இருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. உறுதி என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது, ஆனால் பழைய ஊரில். தகப்பன் அந்தப் பாடசாலையில் படிக்கவில்லை. அவர் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். மூத்த பிள்ளை இல்லை. ஒவ்வொரு பகுதியாக வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஐயா, அப்ப எங்கட பிள்ளையளுக்கெண்டு இதில ஒரு பகுதியும் இல்லையோ?" என்று கேட்டார். அதிபரும் சுற்றறிக்கைப்படிதான் நடக்க முடியும். யாரும் அந்தப் பிள்ளையை வேண்டுமென்று தள்ளவில்லை. விதியை எழுதியவர் மனதில் சொந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் இருந்தது.

அந்தப் பிள்ளை கிட்டடியில் உள்ள சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு. ஆனால் அங்கே உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு கிடையாது. எங்கள் கிராமப் பாடசாலைகள் பலவற்றில் கலைப் பிரிவுக்கு மேல் ஒன்றும் இல்லை என்பது கல்வித் திணைக்களத்தில் இருக்கிற எவருக்கும் தெரியும். பட்டணத்துக்குப் போகலாம்தான். பஸ் காசு, ரியூசன் காசு, இரவு வகுப்பு முடிந்து பெண்பிள்ளை வீடு திரும்புகிற பயம் எல்லாவற்றையும் தாண்டிப் போகலாம். சிலர் போகிறார்கள், அவர்களுடைய படம்தான் பத்திரிகையில் வருகிறது. மற்றவர்கள் கலை படிக்கிறார்கள், அவர்கள் மனம் வைக்கவில்லை என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. வசதி குறைந்த இடத்துப் பிள்ளையை வசதி கூடிய இடத்துப் பிள்ளையோடு நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது என்பதுதான் மாவட்ட ஒதுக்கீட்டுக்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. நெடுந்தீவுப் பிள்ளைக்கும் மருதங்கேணிப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணப் பட்டணத்துப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. குறிகட்டுவானில் இருந்து படகில் வந்து படகிலேயே திரும்புகிற ஆசிரியரிடம் படித்த பிள்ளையும், பட்டணத்தில் ஒரு பாடத்துக்கு இரண்டு ரியூசனுக்குப் போன பிள்ளையும் ஒரே வரிசையில். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயத்தை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. அந்த வலி தெரிந்த நாங்கள் எங்கள் மாவட்டத்துக்குள் இருக்கிற இந்த இடைவெளியைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற விஷயம்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். வங்கியில் கடன் என்றால் பெரும்பாலும் உறுதி கேட்பார்கள், அல்லது அரச உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும். சொந்தத்தில் ஆசிரியரோ எழுதுவினைஞரோ இருக்கிற குடும்பத்துக்கு அது ஒரு பின்னேர வேலை. முழுச் சொந்தத்திலும் சம்பளச் சிட்டை வைத்திருக்கிற ஒருவர்கூட இல்லாத குடும்பத்துக்கு அந்தப் படிவம் அங்கேயே முடிந்துவிடும். அப்போது வீட்டுக்கு வந்து கடன் கொடுக்கிற நுண்கடன்காரர்தான் கதி. உறுதி வேண்டாம், ஐந்து பெண்கள் ஆளுக்காள் பிணை நின்றால் போதும், கிழமைக்குக் கிழமை கட்டினால் சரி. வட்டி வங்கியைவிடக் கூட. ஏழைக்குத்தான் காசு விலை கூடிய சாமான். பிறகு 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனது. சின்ன வள்ளத்துக்கு என்ஜின் ஓடுவது மண்ணெண்ணெய்யில். தொழிலுக்குப் போகாத கிழமையிலும் கடன்காரர் வருவார். அந்த நாட்களில் தாய்மார் வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்வேலிக்குள்ளால் அயல்வீட்டுக்குப் போய் ஒளித்திருந்ததை நான் அறிவேன்.

கலியாணத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எங்கள் வழமையில் பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனம். வளவு இல்லாத வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் என்றால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. முகாமில் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை, பட்டதாரி, வேலை விண்ணப்பத்துக்கு வதிவிட அத்தாட்சி எடுக்க வந்தார். படிவத்தை நீட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, முகாம் எண்டு போடாமல் மல்லாகம் எண்டு மட்டும் எழுதுவீங்களோ?" பதிவில் உள்ளபடிதான் எழுத முடியும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். எழுதியதை வாங்கி, விலாசம் உள்பக்கம் போகும்படி இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். அந்தப் பிள்ளையும் சாதித்தவர்தான். பட்டம் பெற்ற பிறகும் அவர் மறைக்க வேண்டியிருந்தது தான் பிறந்த இடத்தை. ஒருவர் நேர்முகப் பரீட்சைக்கு உள்ளே போகும்போதே பாதிக் குரலோடு போவதற்கு இதுவும் காரணம். அவருக்கு ஆளுமை போதாது என்று குறித்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரியாது.

ஆகவே பத்திரிகைகளிடம் ஒரு கோரிக்கை. சாதித்த பிள்ளையின் செய்தியைப் போடுங்கள். அதே வகுப்பில் படித்த மற்றவர்களையும் தேடிப் போங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை வருடம் ஆசிரியர் இல்லை என்று அதிபரிடம் கேட்டு எழுதுங்கள். மாகாணக் கல்வித் திணைக்களம் புதிய கணித, விஞ்ஞான ஆசிரியர்களைத் தீவுப்பகுதிக்கும் மருதங்கேணி இருக்கும் வடமராட்சி கிழக்குக்கும் முதலில் நியமித்து, அங்கே தங்குவதற்கு விடுதியும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் பெரிய கல்லூரிகளுக்கு மண்டபத்துக்கு மேல் மண்டபம் கட்டிக் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு, பழைய மாணவர் என்று சொல்ல வெளிநாட்டில் ஒருவருமே இல்லாத பள்ளிக்கூடங்களுக்குப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது காணி. இணுவிலில் இருந்து தெல்லிப்பழை வரை வெளிநாட்டில் இருப்போரின் வளவுகள் எத்தனையோ பற்றைக்காடாகக் கிடக்கின்றன. எல்லாரும் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு குடும்பம் இருக்க, எங்கள் நில அளவில் இரண்டு பரப்புப் போதும். கொடுக்க மனம் உள்ளவர்கள் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையோடு கதையுங்கள். கொடுக்கும்போது "இருந்துகொள்ளுங்கோ" என்ற வாய்ச்சொல்லில் விடாமல், நொத்தாரிசிடம் உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிந்து, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். தாத்தா கொடுத்த வாய்ச்சொல் தனக்குத் தெரியாது என்று பேரன் வந்து எழுப்பிய குடும்பங்களுக்கும் வதிவிட அத்தாட்சி எழுதிக் கொடுத்தவன் நான்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கிராம அலுவலர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.