ஐந்து நிமிடத்தில் ஃபீல்டு சேர்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதவள மென்பொருள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், நிறுவனத்துக்கு வேண்டிய கூடுதல் ஃபீல்டை, அதாவது விவரம் பதியும் கட்டத்தை, ஐந்தே நிமிடத்தில் சேர்த்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. திரையில் ஒரு கட்டம் முளைக்க ஐந்து நிமிடம் போதும்தான். ஆனால் அந்தக் கட்டத்தில் விழும் விவரம் அங்கேயே நிற்பதில்லை. அறிக்கைக்குப் போகும், சம்பளம் போடும் பேரோலுக்குப் போகும், வெளி நிறுவனங்களுக்கு அனுப்பும் கோப்புக்குப் போகும். அந்த வழிகளைப் பார்க்காமல் சேர்த்த ஃபீல்டுகளைச் சரிசெய்வதே எங்களைப் போன்ற மென்பொருள் ஆலோசகர்களின் பாதி வேலை.

முதலில், கேட்கிற ஃபீல்டு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில் ஊழியரிடம் கொடுத்த மடிக்கணினி, சாவி, சீருடைக்கெல்லாம் 0040 என்ற இன்ஃபோடைப் (ஒரு வகை விவரங்களின் தொகுப்பு) தயாராக இருக்கிறது. பணி உறுதியாகும் நாள் போன்ற தேதிகளுக்கு 0041, நாள் நெருங்கும்போது நினைவூட்ட 0019. இவை இருப்பது தெரியாமலே 'லேப்டாப் எண்' என்று புது ஃபீல்டு கேட்டு வருகிறார்கள். கேட்பவர் மீது தப்பில்லை. இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் செய்து கொடுப்பவர்தான்.

இல்லையென்று உறுதியானால் அடுத்த கேள்வி: இந்த விவரம் மாறுமா, மாறினால் பழையது வேண்டுமா? இதைக் கேட்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பாதுகாப்புக் காலணியின் அளவை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு எண்தானே என்று, பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் 0002 இன்ஃபோடைப்பிலேயே ஒட்டிவிடுவார்கள். அதற்கு வழியும் இருக்கிறது. இன்ஃபோடைப்பை மாற்ற உதவும் பிஎம்01 பரிவர்த்தனையில் 0002-க்கான சிஐ இன்க்ளூடை, அதாவது கூடுதல் ஃபீல்டுகளுக்கென்று விட்ட இடத்தை, திறந்து, இசட்இசட் (ZZ) என்று தொடங்கும் பெயரில் ஃபீல்டைச் சேர்த்து, ஆக்டிவேட் செய்து, திரையை உருவாக்கினால் முடிந்தது. சிக்கல் பிறகு வரும். 0002-இன் ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. ஜூன் 15 முதல் காலணி அளவு 8-லிருந்து 9 ஆனால், பெயரும் பிறந்த தேதியும் உள்ள பதிவே இரண்டாக வெட்டுப்படும்: ஜூன் 14 வரை ஒன்று, 15 முதல் இன்னொன்று. 'இந்த மாதம் தனிப்பட்ட விவரம் மாறியவர்கள்' என்ற அறிக்கையில் அந்த ஊழியர் வந்து நிற்பார். மாறியவர்களை மட்டும் வேறு மென்பொருளுக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸ் அவருடைய பெயரை மறுபடி வெளியே அனுப்பும். எல்லாம் ஒரு காலணிக்காக.

அடிக்கடி மாறும் விவரத்துக்குத் தனி இன்ஃபோடைப்தான் சரி. மென்பொருளை வாங்கிய வாடிக்கையாளருக்கென்று 9000 முதல் 9999 வரை எண்கள் விடப்பட்டிருக்கின்றன. பிஎம்01-இல் பிஎஸ் ஸ்ட்ரக்சரை, அதாவது ஃபீல்டுகளின் பட்டியலை, உருவாக்கி ஃபீல்டுகளை இட்டு, மற்ற பாகங்களை அதுவே உண்டாக்கிய பின், பண்புகளில் காலக் கட்டுப்பாட்டை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 1 என்றால் எந்த நாளிலும் ஒரு பதிவு இருந்தே ஆக வேண்டும், இடைவெளி கூடாது. 2 என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், இடைவெளி இருக்கலாம். 3 என்றால் ஒரே காலத்தில் பல பதிவுகள் இருக்கலாம். காலணி அளவுக்கு 2, காலாவதியாகும் சான்றிதழ்களுக்கு 3. சான்றிதழுக்கு 2 போட்டுவிட்டால், இரண்டாவது சான்றிதழைப் பதியும் நாளில் முதல் சான்றிதழின் முடிவு நாள் முன்னால் இழுக்கப்பட்டுவிடும். திரையில் ஓர் எச்சரிக்கை வரும். அவசரத்தில் எல்லோரும் என்டர் தட்டிக் கடந்துபோவார்கள்.

ஆரக்கிள் நிறுவனத்தின் இ-பிசினஸ் சூட் மென்பொருளிலும் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. ஊழியர் அட்டவணையில் அட்ரிபியூட்1 முதல் 30 வரை காலி நெடுவரிசைகள் உண்டு. இவற்றைத் திரைக்குக் கொண்டுவரும் டிஸ்கிரிப்டிவ் ஃப்ளெக்ஸ்ஃபீல்டின் செக்மென்ட் (கூடுதல் ஃபீல்டு) திரையில், மாற்றத்தைத் தடுக்கும் ஃப்ரீஸ் குறியை எடுத்துவிட்டு, செக்மென்ட் சேர்த்து, நெடுவரிசையையும் எந்த மதிப்புகளை ஏற்கலாம் என்று சொல்லும் வேல்யூ செட்டையும் காட்டி, சேமித்து, மறுபடி ஃப்ரீஸ் செய்து கம்பைல் செய்ய வேண்டும். அந்த அட்டவணை தேதிவாரியாக நடப்பதால் அங்கே இடும் விவரத்துக்கும் வரலாறு தானாக வந்துவிடும். கூடுதல் விவரத்துக்கு ஆரக்கிளில் உள்ள இன்னொரு வழியான 'எக்ஸ்ட்ரா இன்ஃபர்மேஷன் டைப்' அப்படியல்ல. ஒருவருக்குப் பல வரிசைகள் தரும், ஆனால் தேதிவாரி வரலாறு வைக்காது. தொடக்க, முடிவு நாள் வேண்டுமானால் அவற்றையும் செக்மென்டாக நாம்தான் சேர்க்க வேண்டும். எல்லாம் செய்தும் திரையில் வரவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் ஒன்றைப் பாருங்கள்: அந்த வகையை உங்கள் ரெஸ்பான்ஸிபிலிட்டிக்கு, அதாவது உங்களுக்குத் தந்த அனுமதித் தொகுப்புக்கு, பாதுகாப்புத் திரையில் அனுமதித்தீர்களா? பத்துக்கு ஒன்பது முறை அதுதான் விடுபட்டிருக்கும்.

அட்ரிபியூட் நெடுவரிசைகள் எல்லாமே எழுத்து வகை. எண்ணை அதில் போட்டு வரிசைப்படுத்தினால் 9-க்கு முன்னால் 10 வரும். தேதியை, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் சேமிக்கும் தரமான வேல்யூ செட்டுடன் இணைக்காவிட்டால் 'இந்தத் தேதிக்குப் பின்' என்ற கேள்விக்குத் தப்பான பதில் வரும். பிழைச் செய்தி வராது என்பதுதான் இதில் மோசம்.

தமிழில் விவரம் பதிய நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த நெடுவரிசைகளின் நீளம் 150. அது எழுத்துக் கணக்கு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் பைட் (கணினியின் சேமிப்பு அலகு) கணக்கு. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'மேற்பார்வையாளர்' என்பதில் கண்ணுக்கு 8 எழுத்து. கணினிக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 15 குறியீடு, ஆக 45 பைட். இப்படி மூன்று சொற்கள் நுழையும், நான்காவது நுழையாது. அதுபோல 'பொ' என்பதில் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். பார்க்க ஒன்றாக இருக்கும், தேடினால் கிடைக்காது. உள்ளே வாங்கும் இடத்திலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மதிப்புகள் ஒரு சில என்ற எண்ணிக்கைக்குள் அடங்குமானால் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியல் கொடுங்கள். சேமிப்பது குறியீடாக இருக்கட்டும், பெயர் திரைக்கு மட்டும். பட்டியலில் ஒரு மதிப்பு வேண்டாமென்றால் அழிக்காமல் முடிவு நாள் போடுங்கள். அழித்தால் பழைய பதிவுகளில் வெறும் குறியீடு அநாதையாக நிற்கும். ஆம், இல்லை என்று கேட்கும் ஃபீல்டுக்குச் செக்பாக்ஸ் வைப்பது எங்களுக்குப் பிடிக்காது. டிக் இல்லையென்றால் 'இல்லை' என்றா, 'இன்னும் கேட்கவில்லை' என்றா? இரண்டு மதிப்பும் ஒரு வெற்றிடமும் உள்ள பட்டியல் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

கட்டாய ஃபீல்டாக முதல் நாளே ஆக்காதீர்கள். ஏற்கெனவே பணியில் உள்ள ஊழியர் எல்லோருக்கும் அது காலி. ஊழியரே தன் விவரத்தை மாற்றும் செல்ஃப் சர்வீஸில் கைப்பேசி எண்ணை மாற்றப் போனவருக்கு, சம்பந்தமே இல்லாத ஃபீல்டைக் காட்டித் திரை மறுக்கும். இரவில் ஓடும் தரவு ஏற்றுமதி, இறக்குமதி வேலைகளும் தடுமாறும். விருப்பத் தேர்வாகத் திறந்து, பழைய விவரத்தை ஏற்றி, காலியாக இருப்பவர் பட்டியலைச் சுழியமாக்கிய பிறகு கட்டாயமாக்கலாம். ஏற்றும் கோப்பை எக்ஸெலில் திறப்பவர்கள் அந்த நெடுவரிசையை முதலில் எழுத்து வகையாக மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் எண்ணின் முன்னால் உள்ள சுழியங்கள் போய்விடும். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் காக்கும் என்பதால் 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும்.

யார் பார்க்கலாம் என்பது ஃபீல்டை வைக்கும் இடத்தைப் பொறுத்தது. எஸ்ஏபியில் வழக்கமான அனுமதி இன்ஃபோடைப், அதன் உட்பிரிவு அளவில்தான் பிரிகிறது. ஒற்றை ஃபீல்டை மட்டும் பூட்ட முடியாது. மருத்துவ விவரத்தை 0002-இல் வைத்தால், பெயரைப் பார்க்க அனுமதி உள்ள எல்லோரும் அதையும் பார்ப்பார்கள். இன்னொரு ஓட்டை பலருக்குத் தெரியாது. உண்மைத் தரவைச் சோதனைச் சூழலுக்கு நகலெடுக்கும்போது பெயர், கணக்கு எண் போன்றவற்றை மறைக்கும் நிரல் ஓடும். தனக்குச் சொல்லிக்கொடுத்த நெடுவரிசைகளை மட்டுமே அது மறைக்கும். நேற்றுச் சேர்த்த ஃபீல்டு அதற்குத் தெரியாது. சோதனை செய்ய வரும் எல்லோர் முன்னும் அது அப்படியே திறந்து கிடக்கும். மறைப்புப் பட்டியலில் சேர்க்காமல் ஃபீல்டை உற்பத்திச் சூழலுக்கு, அதாவது அன்றாட வேலை நடக்கும் இடத்துக்கு, கொண்டுபோகக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வெளியே போகும் கோப்பில் புது நெடுவரிசை வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள். நடுவில் செருகினால், இடத்தை எண்ணிப் படிக்கும் மறுமுனை நிரல் வேறு எதையோ சம்பளம் என்று படிக்கும்.

கடைசியாக, ஓய்வு பெறும் ஃபீல்டு. எஸ்ஏபியின் சக்சஸ்ஃபேக்டர்ஸ் மென்பொருளில் கஸ்டம்-ஸ்ட்ரிங்17, ஆரக்கிளில் அட்ரிபியூட்5 என்று பெயரே அர்த்தமில்லாமல் இருப்பதால், எது எதற்கு, யார் கேட்டார்கள், எந்த அறிக்கை படிக்கிறது என்ற பதிவேடு இல்லாமல் காலம் தள்ள முடியாது. வேண்டாத ஃபீல்டை முதலில் திரையிலிருந்து மறையுங்கள். ஓர் ஆண்டுக் கணக்கு முடியும்வரை தரவை அப்படியே விட்டு வைத்து, எந்த அறிக்கையும் முனகவில்லை என்று பார்த்த பிறகு காப்பகத்துக்கு நகர்த்துங்கள். லேபிளை மட்டும் மாற்றி அதே இடத்தை வேறு விவரத்துக்குக் கொடுக்கவே கூடாது. அட்ரிபியூட்5-இல் முன்பு பேருந்துத் தட எண் இருந்து, இப்போது அதற்கு 'காலணி அளவு' என்று பெயர் வைத்தால், 47-ஆம் தடத்தில் வந்துகொண்டிருந்த ஊழியருக்கு 47-ஆம் அளவில் காலணி கேட்டு ஆர்டர் போய்விடும்.

இப்படிக்கு,
மனிதவள மென்பொருள் ஆலோசகர்கள்