டம்ளர் வரைந்த மாணவருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?
கணினி வரைகலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விஸ்காம், மல்டிமீடியா, அனிமேஷன் துறைகளில் வெக்டர் வரைகலை (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் வைத்துக் கணினியில் வரைவது) சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் ஓர் அச்சகத்தின் டிசைனிங் பிரிவில் இருக்கிறேன். படிப்பு முடித்து வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் கோப்புகளைத் திறந்து பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அநேகமாக எல்லாரிடமும் முதல் வருடத்தில் வரைந்த அன்றாடப் பொருட்கள் இருக்கும். எவர்சில்வர் டம்ளர், பிரஷர் குக்கர், ஹவாய் செருப்பு, சுவிட்ச் போர்டு, குடை, பிளாஸ்டிக் குடம். பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். சினிமா போஸ்டரும் லோகோவும் பிறகு வரட்டும். தினமும் கையில் எடுக்கும் ஒரு பொருளைப் பார்த்து வரையக் கற்றவர் எதையும் வரைந்துவிடுவார்.

ஆனால் அந்தப் படங்களுக்கு ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேட்டால், பத்துக்கு ஏழு போட்டார் என்கிறார்கள். அந்த ஏழு ஏன் எட்டாகவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. சிலருடைய ரெக்கார்டு நோட்டில் ஒரு டிக்கும் ‘குட்’ என்ற சொல்லும் இருக்கின்றன. மூன்று வருடம் படித்துவிட்டு வந்த ஒருவருக்குத் தன் படத்தில் எது சரி, எது சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை என்றால் மனது கஷ்டப்படுகிறது. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேண்டுகோள், பிரின்ட் எடுத்து ஒட்டிய தாளைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். எட்டு நோடில் (கோட்டைத் தாங்கும் புள்ளி) வரைந்த டம்ளரும் முந்நூறு நோடில் வரைந்த டம்ளரும் தாளில் ஒன்றுபோலவே தெரியும். கோப்பைத் திறந்து அவுட்லைன் பார்வைக்கு மாற்றுங்கள். வரையும் மென்பொருளுக்கு ஏற்ப வழி மாறும், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்-ஒய். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோலோடு நம்பர் பேடில் உள்ள 5ஐ அழுத்த அழுத்தப் பார்வை மாறிக்கொண்டே வரும். கோரலில் வியூ மெனுவுக்குள் ஒயர்ஃபிரேம் இருக்கிறது. நிறமெல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் நிற்கும்போது மாணவர் உண்மையில் என்ன வரைந்திருக்கிறார் என்பது வெளியே வரும். மூடாமல் விட்ட பாத் (வரைந்த கோட்டின் பாதை), ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடு, வெள்ளைச் சதுரம் போட்டு மறைத்த பிசிறு எல்லாமே அங்கே தெரியும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அந்தக் கோப்பு ஒருநாள் ஸ்டிக்கர் கட்டிங் மெஷினுக்குப் போகும். பிளேடுக்கு நிறம் தெரியாது, அது பாதை வழியே மட்டும்தான் போகும். குக்கரின் கைப்பிடியைத் தடித்த ஸ்ட்ரோக்கால், அதாவது பாதைக்குத் தடிமன் மட்டும் கொடுத்து, போட்டுவிட்டு, அதை வடிவமாக மாற்றாமல் அனுப்பினால், கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் நடுவே ஒற்றைக் கோடு மட்டும் வெட்டுப்படும். குடத்தின் கழுத்தையும் வயிற்றையும் தனித்தனி வடிவமாக வரைந்து வெல்டு செய்யாமல், அதாவது ஒரே வடிவமாக இணைக்காமல் விட்டால், இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டு விழும். விசிட்டிங் கார்டு அளவில் எடுப்பாக இருந்த கோடுகள், அளவோடு சேர்ந்து தடிக்கும்படி அமைக்காத காரணத்தால், ஃபிளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கியதும் இருக்கிற இடம் தெரியாமல் போகும். இவை எதுவும் பிரின்டில் தெரியாது. மாணவருக்கு இவற்றைச் சொல்லக்கூடிய முதல் ஆள் நீங்கள்தான். நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப் போகிறவர் வீணான வினைல் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு கோபத்தில் இருக்கும் கடைக்காரர்.

நோடு எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோடு வைத்து வரையும் பென் டூலில் நாம் இழுக்கும் வளைவு கார் கம்பெனிகளில் பிறந்தது. சித்ரோவெனில் பால் த காஸ்தெல்ஷோ 1959லும், ரெனோவில் பியர் பெசியே 1960களிலும் கார் உடலின் வளைவைச் சில புள்ளிகளை மட்டும் வைத்துக் கணக்காகச் சொல்ல வழி கண்டார்கள். குறைந்த புள்ளிகளில் முழு வளைவையும் பிடித்துவிடுவதுதான் அதன் பலம். ஒரு வட்டத்துக்கு நான்கு நோடு போதும், பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. குடத்தின் வயிற்றை இருபது நோடு வைத்து இழுத்திருக்கும் மாணவர் வளைவைத் தடவித் தடவித் தேடியிருக்கிறார் என்று பொருள். அவரிடம் ‘ஸ்மூத்தா வரல’ என்று சொன்னால் இன்னும் நாலு நோடு சேர்ப்பார். வளைவு அதிகமாக வெளியே தள்ளி நிற்கும் இடத்தில் ஒரு நோடு வை, ஹேண்டிலை (நோடிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் பிடி) நேர் செங்குத்தாக இழு, நடுவில் உள்ளதையெல்லாம் அழித்துப் பார் என்று சொன்னால் அவருக்கு வழி கிடைக்கும். பாதிக் குடம் வரைந்து மிரர் செய்தால் போதும் என்பதையும் பலருக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

டம்ளரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுலபம் என்று நினைத்து எல்லாரும் முதலில் எடுப்பது அதைத்தான். வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடியை நேர்கோட்டில் முடித்துவிடுவார்கள். டம்ளரின் வாய்க்குள் நமக்குத் தெரிகிறது என்றால் நாம் மேலிருந்து பார்க்கிறோம். அடி நம் கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது, அதனால் அதன் வளைவு வாயின் வளைவைவிட உருண்டிருக்க வேண்டும். வாயின் இரு ஓரங்களும் கூராக முடிந்திருந்தால் அங்கே கார்னர் நோடு இருக்கிறது, ஸ்மூத் ஆக்கினால் சரியாகிவிடும். அப்புறம் விளிம்பு. நம் வீட்டு டம்ளரில் தகட்டின் ஓரத்தை வெளிப்பக்கம் சுருட்டி மடித்திருப்பார்கள். அதற்கு ஒரு தடிமன் உண்டு, அடியில் மெல்லிய நிழல் உண்டு. ஒற்றைக் கோட்டில் நிறுத்தினால் வாய் வைத்ததும் உதட்டைக் கிழிக்கும் தகடாகத் தெரியும்.

அதைவிட முக்கியம் பளபளப்பு. இடமிருந்து வலமாக ஒரு சாம்பல் க்ரேடியன்ட்டை (படிப்படியாக மாறும் நிறம்) ஓடவிட்டு எவர்சில்வர் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பழைய அலுமினியமாகத்தான் தெரியும். பாலிஷ் போட்ட எவர்சில்வர் எதிரே இருப்பதைக் காட்டும். ஜன்னலின் வெளிச்சமும் கதவின் இருட்டும் சுவரின் நிறமும் அந்த உருண்ட பரப்பில் ஒடுங்கி, நெட்டுப் பட்டைகளாக நிற்கும். கறுப்பும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில், இடையில் கூர்மையான ஓரத்தோடு இருக்கும். இதை வாயால் விளக்க வேண்டியதில்லை. கான்டீனிலிருந்து ஒரு டம்ளர் வாங்கி வந்து மானிட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘உன் டம்ளரில் ஜன்னல் எங்கே இருக்கு?’ என்று மட்டும் கேளுங்கள். மாணவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பார்வைக்காகத்தான் இந்தப் பயிற்சியே இருக்கிறது.

ஹவாய் செருப்பில் முன்பக்க ஓட்டை நடுவில் இல்லை, கட்டைவிரல் பக்கம் தள்ளி இருக்கும். சுவிட்ச் போர்டில் மூன்று துளைகளும் ஒரே அளவில் இல்லை, மேலே உள்ள எர்த் துளை பெரிது. ஒரு வட்டத்தைப் போட்டு இரண்டு காப்பி எடுத்தவர் போர்டைப் பார்க்காமல் வரைந்திருக்கிறார். பென் டூலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் இந்தக் குறை தீராது, பொருளிடம் திருப்பி அனுப்ப வேண்டும்.

1958ல் இந்திய அரசின் அழைப்பில் வந்து நாட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, இங்கே கண்ட பொருட்களிலேயே தலைசிறந்ததாகச் சொன்னது லோட்டாவைத்தான், நம் வீட்டுச் சொம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் சுமப்பார்களா இடுப்பிலா கையிலா, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், இன்னொரு பாத்திரத்தில் பட்டால் என்ன சத்தம் வரும் என்று அந்தச் சின்னப் பாத்திரத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி அடுக்கினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது. நம் லேபிலும் அப்படி இரண்டு கேள்வியாவது கேட்கலாமே. ‘இந்தக் குடத்தை இடுப்பில் வைத்தால் எந்த இடம் பதியும்?’ என்று கேட்டால், கழுத்துக்குக் கீழே வளைவு ஏன் அப்படிப் போகிறது என்று மாணவரே கண்டுகொள்வார்.

குறை சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள், இது எதற்காக, எந்த அளவில் வரைந்தது? செல்போன் திரையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வரப்போகும் ஐகானில் ஜன்னல் பிரதிபலிப்பைத் தேடக்கூடாது. அங்கே குக்கரின் விசில் பளிச்சென்று தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஃபிளாட் ஸ்டைலில் (நிழலும் பளபளப்பும் இல்லாத தட்டை நிறங்களில்) வரைந்த பெண்ணிடம் ‘ஷேடிங் எங்கம்மா?’ என்று கேட்டு மதிப்பெண் குறைத்ததாக ஒரு கல்லூரி மாணவி சொன்னார். எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் எடுத்துக்கொண்ட வழியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும்.

‘இன்னும் கொஞ்சம் ரியலிஸ்டிக்கா பண்ணுப்பா’ என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அதைக் கேட்டவர் செய்யக்கூடியது ஒரு டிராப் ஷேடோ போடுவது மட்டும்தான். இடத்தைக் காட்டி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லி, ஒரு முயற்சியைக் கையில் கொடுங்கள். ‘அடி தட்டையாக இருப்பதால் டம்ளர் மேசையில் உட்காரவில்லை, நடு நோடைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்’ என்பது போல. பாராட்டும் அப்படியே இருக்கட்டும். ‘சூப்பர்’ என்றால் எது சூப்பர் என்று அவருக்குத் தெரியாது. ‘குடையின் கம்பி நுனிகளுக்கு இடையில் துணி உள்வாங்கியிருப்பதைக் கவனித்திருக்கிறாய்’ என்றால் அந்தக் கவனத்தை அவர் வாழ்நாளுக்கும் விடமாட்டார். ஒரு படத்துக்கு ஒன்று அல்லது இரண்டு குறைக்கு மேல் வேண்டாம். மவுஸையும் கையில் வாங்காதீர்கள். நீங்கள் நொடியில் சரிசெய்துவிடுவீர்கள், பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எதுவும் ஒட்டியிருக்காது.

ட்ரேஸ் செய்த படங்களைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கூகுளில் ஒரு போட்டோவை எடுத்து ஆட்டோ ட்ரேஸ் அழுத்தினால் மென்பொருளே அதைக் கோடுகளாக மாற்றிவிடும், அவுட்லைனில் பார்த்தால் நோடுகள் கொட்டிக் கிடக்கும். எல்லார் முன்னாலும் திருட்டு என்று சொல்லி அவமானப்படுத்துவதைவிட, அதே பொருளைப் பதினைந்து நோடுக்குள் வரைந்து வரச் சொல்லுங்கள். வரைந்து வருவார்கள். பலர் ட்ரேஸ் செய்வது சோம்பலால் அல்ல, தன்னால் வராது என்ற பயத்தால்.

மதிப்பெண்ணை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். இஸ்ரேலில் கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். கருத்து மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வமும் வேலையும் வளர்ந்தன. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண் கண்ணில் பட்டுவிட்டால் பக்கத்தில் உள்ள சொற்களை யாரும் படிப்பதில்லை. ஆகவே முதலில் கருத்து மட்டும் கொடுங்கள், திருத்தி வரைந்த பிறகு மதிப்பெண் போடுங்கள். திருத்துவதற்கான நேரம் லேப் நேரத்துக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். வீட்டில் பழைய லேப்டாப் இருப்பவர்களுக்கு இங்க்ஸ்கேப்பைப் போட்டுக் கொடுங்கள், காசு கிடையாது, லினக்ஸிலும் ஓடும்.

அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. உங்கள் பணிச்சுமையைத் தெரிந்துதான் எழுதுகிறேன். ஒரே குறை பத்துப் பேரிடம் இருக்கும், சம்மதித்த ஒருவருடைய கோப்பை புரொஜெக்டரில் போட்டு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் கோப்பை மாற்றிக்கொண்டு அவுட்லைனில் பார்த்து ஒரு குறிப்பு எழுதட்டும். அடுத்தவர் குடத்தில் நோடை எண்ணியவர் தன் குடத்திலும் எண்ணிப் பார்ப்பார்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைகலை லேபை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்த அனுமதி கொடுங்கள். ரெக்கார்டு நோட்டில் பிரின்ட் ஒட்டும் கட்டாயத்தை எடுத்துவிட்டு, முதலில் வரைந்த கோப்பையும் திருத்திய கோப்பையும் சேர்த்துச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாணவர் எவ்வளவு நகர்ந்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியும். எங்களைப் போல வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் அதைத்தான் பார்க்க ஆசைப்படுகிறோம்.

பருவம் முடிவதற்குள் ஒருநாள் உங்கள் ஊர் ஸ்டிக்கர் கட்டிங் கடைக்கு மாணவர்களைக் கூட்டிப் போங்கள். அவரவர் வரைந்த டம்ளரை அங்கேயே வெட்டிப் பார்க்கட்டும். செலவு அதிகம் ஆகாது, கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் மகிழ்ச்சியாகவே செய்து கொடுப்பார். ஓரத்தில் பிசிறு வந்தால் எந்த நோடால் வந்தது என்று கோப்பைத் திறந்து அவர்களே தேடட்டும்.

அன்புடன்,
அச்சகத்து வடிவமைப்பாளர் ஒருவர்