கூடுதலா, குறைவா என்று கேட்காத தைராய்டு மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அமுக்கராவையும் குக்குலுவையும் பரிந்துரைத்து அண்மையில் வந்த தைராய்டு கட்டுரையையும், அதே பக்கத்தின் கீழ்மூலையில் தைராய்டுக்கு நிரந்தரத் தீர்வு தருவதாகக் கட்டம் கட்டி வந்திருந்த மூலிகை மருந்து விளம்பரத்தையும் படித்தேன். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையும் சரி, விளம்பரமும் சரி, தைராய்டு கூடுதலாகச் சுரப்பவருக்கா, குறைவாகச் சுரப்பவருக்கா என்பதை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அந்த விடுபடல் எங்கள் வீட்டிலேயே ஓர் உயிரை ஆபத்தின் விளிம்புவரை கொண்டுபோனது என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று சொல்வது வழக்கம். கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்த அந்தச் சுரப்பி எல்லோருக்கும்தான் இருக்கிறது. அது மந்தமானால் உடல் பருக்கும், குளிர் தாங்காது, மலம் கட்டும், நாடி மெதுவாகும். அது மிகையாகச் சுரந்தாலோ உடல் இளைக்கும், வேர்த்துக் கொட்டும், வயிறு அடிக்கடி இளகும், நெஞ்சு படபடக்கும், விரல்கள் நடுங்கும், தூக்கம் போய்விடும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம். மருத்துவர்கள் குறைச் சுரப்புக்குச் சொல்லும் ஹைப்போ, மிகைச் சுரப்புக்குச் சொல்லும் ஹைப்பர் என்னும் சொற்களும் காதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழுகின்றன. மருந்து வழங்கும் ஜன்னலில் நின்றவனுக்கு அந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். குறைச் சுரப்பே பரவலாகக் காணப்படுவது என்பதால், அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனையும் நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தரும் பொட்டலமும் பெரும்பாலும் அதை மனத்தில் வைத்தே வருகின்றன.

என் தங்கைக்கு அப்போது 38 வயது. நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்துவிட்டாள். பூக்கட்ட உட்கார்ந்தால் நார் விரலில் நிற்காது. நள்ளிரவில் எழுந்து தரையில் தண்ணீர் தெளித்துப் படுப்பாள். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லையே என்று என் தாயார் கவலைப்பட்டு, இளைத்த உடம்பு தேறுவதற்கும் தூக்கம் வருவதற்கும் தலைமுறைகளாக நாம் கொடுத்துவரும் அமுக்கராச் சூரணத்தை இரவுதோறும் பாலில் கலந்து கொடுத்தார். பிறகு யாரோ சொல்லி ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். அங்கே இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "தைராய்டுதான், பயப்படாதீர்கள்" என்று சொல்லி, அதே அமுக்கராவை மாத்திரை வடிவிலும், குக்குலுப் பிசின் சேர்ந்த காஞ்சனார குக்குலு என்ற ஆயுர்வேத மருந்தையும் எழுதித் தந்தார்கள். சுரப்பியைத் தூண்டும் டிஎஸ்எச் அளவு சீட்டில் அடிமட்டத்திலும், சுரப்பி சுரக்கும் டி4 ஹார்மோன் அளவு உச்சத்திலும் இருந்ததை, அதாவது அது மிகைச் சுரப்பு என்பதை, அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. வெளியூரில் வேலையில் இருந்த நானும் விவரம் கேட்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

அமுக்கரா என்பது அஸ்வகந்தாதான். குறைச் சுரப்பின் தொடக்க நிலையில் இருந்த 50 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அஸ்வகந்தா வேர்ச்சாறு உட்கொண்டவர்களுக்கு எட்டு வாரத்தில் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஆகியவற்றின் அளவுகள் உயர்ந்து டிஎஸ்எச் இறங்கியது. சிறிய ஆய்வுதான், ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. அஸ்வகந்தா மாத்திரைகளை உட்கொண்டபின் தைராய்டு மிகைச் சுரப்பு வந்து, நிறுத்தியதும் அடங்கிய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் மருத்துவ இதழ்களில் உள்ளன. குக்குலுவில் உள்ள சத்து தைராய்டைத் தூண்டுவதாக விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக, எரிகிற அடுப்பில் என் தங்கைக்கு இரண்டு கை விறகு கூடுதலாக வைக்கப்பட்டது. இளைப்பு, களைப்பு, தூக்கமின்மை, மனப்பதற்றம் என அமுக்கராவுக்கு உரியவையாகச் சொல்லப்படும் குறிகள் அனைத்தும் மிகைச் சுரப்பின் குறிகளாகவும் இருப்பதுதான் இதில் உள்ள பெரிய பொறி. கொடுத்தவர்கள் எவரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை.

ஆயுர்வேதமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஹார்மோன் என்ற கருத்து தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, கழுத்து வீக்கத்தைக் கலகண்டம் என்று அந்த மரபு தனியே விவரித்தது. உண்டதையெல்லாம் எரித்துவிட்டு, பின் உடலின் தாதுக்களையே எரிக்கத் தொடங்கும் பெருந்தீயைப் பண்டை ஆயுர்வேத ஆசிரியர் சரகர் அத்யக்னி என்றார். பின்வந்தோர் பஸ்மகம் என்றனர். நம் காப்பியம் ஒன்றில் வரும் யானைத்தீ என்னும் அடங்காப் பசி நோயும் நினைவுக்கு வருகிறது. இவற்றைத் தைராய்டு மிகைச் சுரப்போடு ஒன்றென வைத்துவிட முடியாது. ஆனால் தீ மந்தித்தவனுக்கும் தீ மிகுந்தவனுக்கும் மருந்து வேறு என்பது அந்த நூல்களின் அடிப்படை. அத்யக்னிக்கு அவை சொல்வது குளிர்ச்சியும் கனமும் இனிப்பும் நெய்ப்பும் உள்ள உணவு. அப்படியிருக்க, எந்த நிலைக்கும் ஒரே குப்பி என்று விற்பது ஆயுர்வேதத்துக்கே முரணானது.

அதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் தெருவிலிருந்த முதிய வைத்தியர் ஒருவர். தங்கையின் நாடியைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல் நடுக்கத்தைப் பார்த்தார், இமை பின்வாங்கி விழித்த கண்களைப் பார்த்தார். "அம்மா, இது உள்ளே தீப்பிடித்த உடம்பு. நான் தலைக்கு எண்ணெய் தருகிறேன், பத்தியம் சொல்கிறேன். தீயை அணைக்கிற மருந்து இங்கிலீஷ் வைத்தியத்தில்தான் இருக்கிறது, நாளைக்கே போ" என்றார். மிகைச் சுரப்பின் ஒரு வகையான கிரேவ்ஸ் நோயில் தைராய்டு ஹார்மோனைக் கட்டுக்குள் கொண்டுவரும் என்று தக்க ஒப்பீட்டு ஆய்வால் நிறுவப்பட்ட ஆயுர்வேத மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை என்பதால், அவர் சொன்னது அடக்கம் மட்டுமன்று, துல்லியமும்கூட.

இனி, நான் பணியாற்றிய பக்கத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். மிகைச் சுரப்புக்கு நம் மருத்துவமனைகளில் பெரிதும் தரப்படுவது கார்பிமசோல். அது புதிய ஹார்மோன் உருவாவதைத்தான் தடுக்கும். சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பதும் இரத்தத்தில் ஓடுவதும் தீர வேண்டும் என்பதால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு வாரமாகும். இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. பத்து நாளில் படபடப்பு அடங்கவில்லை என்று மருந்தைக் குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன். இடைக்காலத்தில் படபடப்பையும் நடுக்கத்தையும் தணிக்கத் தரும் பிராப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. டி4 சரியான பிறகும் டிஎஸ்எச் பல வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட எழும்பாமல் கிடக்கும். அதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்குகிறவர்கள் பலர்.

இவற்றைவிட முக்கியமானது ஓர் எச்சரிக்கை. கார்பிமசோல் உண்பவர்களில் 1000 பேருக்கு 2 முதல் 5 பேர்வரை, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளணுக்கள் திடீரெனக் குறைந்துபோகலாம். காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கண் மஞ்சளித்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதக் கருவுக்குக் கார்பிமசோலால் குறைபாடு வரக்கூடும் என்பதால், அக்காலத்தில் புரொபைல்தையோயுராசில் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவது வழக்கம். இத்தனையையும் வரிசையில் நிற்கும் ஒருவருக்கு அரை நிமிடத்தில் சொல்ல எங்களால் முடிந்ததில்லை. நோயாளி பொறுமையாகப் பேசுகிற இடத்தைத் தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூலிகையால் குணமானேன் என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. மிகைச் சுரப்பு எல்லாம் ஒரே நோயன்று. நோய் எதிர்ப்பு அமைப்பே சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய் ஒரு வகை. கட்டிகள் தம் போக்கில் சுரப்பது இன்னொரு வகை. மூன்றாவது, சுரப்பி அழற்சியுற்று, சேமித்து வைத்த ஹார்மோனைக் கசியவிடுவது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் சில பெண்களுக்கு இது வரும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்து வலியோடும் வரும். சேமிப்புத் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். பிறகு சிலருக்குக் குறைச் சுரப்பாகவும் மாறும். இந்த வகைக்குக் கார்பிமசோலும் பயன்படாது, ஏனென்றால் அங்கே புதிய சுரப்பு மிகுந்திருக்கவில்லை. அந்த வாரங்களில் ஒருவர் கஷாயம் குடித்திருந்தால் பெருமை கஷாயத்துக்குப் போய்விடும். கிரேவ்ஸ் நோய்கூடச் சிலருக்கு ஓரளவு தானே தணிவதுண்டு. ஆகவேதான் டிஆர்ஏபி என்னும் எதிர்ப்பொருள் சோதனையோ தைராய்டு ஸ்கேனோ செய்து வகையைப் பிரித்தறிவது சிகிச்சைக்கு முந்திய படி.

தங்கைக்கு வந்தது கிரேவ்ஸ் நோய். ஒன்றரை ஆண்டு மாத்திரை உண்டாள். நிறுத்திய ஏழாம் மாதம் திரும்ப வந்தது. மருந்தை முடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது திரும்பும். பிறகு மிகையாகச் சுரக்கும் சுரப்பியைச் செயலிழக்கச் செய்யும் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் வீடே நடுங்கியது. பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் 1941-இல் முதன்முதலில் நோயாளிக்குக் கொடுத்தது முதல் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ள முறை அது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் கூடாது. கண் பாதிப்பு மிகுந்தவர்களுக்கு, குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு, அதை மோசமாக்கலாம். எடுத்துக்கொண்டபின் சில நாள் குழந்தைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும். தைராய்டு வீங்கிப் பெரிய கழலையாக இருந்தால் அறுவை சிகிச்சையே ஏற்றது. இவ்விரண்டுக்கும் பின் சுரப்பு குறைந்துவிடும் என்பதால், பெரும்பாலோர் ஆயுள் முழுதும் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை போட வேண்டியிருக்கும். என் தங்கையும் இப்போது தினமும் வெறும் வயிற்றில் ஒன்று போடுகிறாள்.

இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துச் செய்துகொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். எண்ணெய்த் தேய்ப்பு, உணவு ஒழுங்கு, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றால் கேடில்லை, மன அமைதியும் கிடைக்கும். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில்தான் சிக்கல். கார்பிமசோலும் கல்லீரலைத் தாக்கக்கூடும், சில மூலிகைகளும் தாக்கக்கூடும். சீந்தில் உண்டபின் கல்லீரல் பாதிப்புக்கு ஆளான நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியபோது ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படித் தீர்ந்தாலும், இரண்டையும் ஒன்றாக உண்பவருக்கு மஞ்சள் காமாலை கண்டால் எதை நிறுத்துவது என்று மருத்துவர் திண்டாடுவார். சாப்பிடுவது எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முடி உதிர்வுக்காகப் போடும் பயோட்டின் மாத்திரையையும்தான். அது நோயே இல்லாதவருக்கும் மிகைச் சுரப்பு இருப்பதுபோல் இரத்தச் சோதனை முடிவைத் திரித்துக் காட்டக்கூடும். சோதனைக்கு இரண்டு நாளுக்கு முன்பாவது அதை நிறுத்த வேண்டும். இதற்கிடையில் அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறச் சொல்லும் யோசனை வேறு. வீட்டுச் சமையலில் சேரும் உப்பின் அளவை அஞ்ச வேண்டியதில்லை. கதிரியக்க அயோடினுக்கு முன் சில நாள் மருத்துவர் விலக்கச் சொன்னால் விலக்கினால் போதும். அயோடின் மிகுந்த கடற்பாசி மாத்திரைகள்தான் உண்மையில் ஆபத்தானவை.

எல்லாவற்றிலும் கொடியது, சூரணத்தை நம்பிக் கார்பிமசோலைச் சட்டென நிறுத்துவது. அடங்கியிருந்த நோய் சீறி எழுந்தால் கடுங்காய்ச்சல், மிகுந்த நாடித்துடிப்பு, புத்தி தடுமாற்றம் என முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் முடியலாம். வயதானவர்களுக்குப் படபடப்போ கண் துருத்தலோ இல்லாமல், இளைப்பும் சோர்வும் தாறுமாறான நாடியும் மட்டுமே குறியாக இருப்பதுண்டு. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிற அந்தத் தாறுமாறான நாடி பக்கவாதம்வரை கொண்டுபோகும்.

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேப விளம்பரச் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் முன்கழுத்துக் கழலையையும் சேர்த்திருக்கிறது. தைராய்டு என்று பொதுப்பெயர் போட்டுவிட்டால் அது கழலையைக் குறிக்காது என்று விளம்பரதாரர் வாதிடலாம். படிக்கிறவர் அப்படிப் பிரித்தறிவாரா? தங்கள் பக்கத்தில் வந்த விளம்பரத்தைத் தங்கையிடம் காட்டினேன். "அண்ணே, இது எனக்கு அப்போ வந்ததுக்கா, இப்போ இருக்கிறதுக்கா?" என்று கேட்டாள். அவ்விளம்பரத்தை மறுபடி ஏற்குமுன் அந்தக் கேள்வியை விளம்பரதாரரிடம் கேட்டுப் பார்க்கும்படியும், கட்டுரையில் அமுக்கராவும் குக்குலுவும் பரிந்துரைக்கப்பட்ட இடத்துக்கு, மிகைச் சுரப்பு உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்ற திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.