மகளுக்கு, ஸ்டார்ட்-அப்புக்கு முன்

அன்புள்ள தேன்மொழி,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ரூமுக்கு வந்து சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

கேட் பக்கத்தில் இருக்கும் விபத்தில்லா நாட்கள் போர்டு முன்னால் எல்லாரும் நின்று கேக் வெட்டிய போட்டோவைப் பார்த்தேன். உன் அம்மா அதைப் பெரியம்மாவில் தொடங்கி பால்காரர் வரைக்கும் அனுப்பிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். கை நசுங்காமல், சாரத்திலிருந்து ஒருத்தரும் விழாமல் பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்திச் செய்யும் ஒரு பெரிய ஷட்டவுனை முடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அந்த போர்டு நம்பரை வைத்துக்கொண்டு, நீ ஸ்டார்ட்-அப் பண்ணப்போகும், அதாவது மறுபடி ஓட்டத் தொடங்கப்போகும் யூனிட்டைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடாதே. ஹெல்மெட், பெல்ட், கண்ணாடி எல்லாம் மனுஷன் உடம்போடு போகிற கணக்கு. டவருக்குள் எவ்வளவு திரவம் நிற்கிறது, அதை இறக்க வழி இருக்கிறதா என்பதை அந்த போர்டு சொல்லாது.

டெக்சாஸ் சிட்டி விபத்தை நீ காலேஜில் ஒரு ஸ்லைடில் பார்த்திருப்பாய். நான் டிப்ளமோக்காரன், மணலியில் கன்ட்ரோல் ரூம் பேனல் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன். அமெரிக்காவின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் அந்த விபத்தை விசாரித்து வெளியிட்ட அறிக்கையை எங்கள் சேஃப்டி ஆபீசர் ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தார். நைட் ஷிப்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அதை மட்டும் உனக்கு விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

2005 மார்ச் 23. பிபி எண்ணெய் கம்பெனியின் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரி. ஐசோமரைசேஷன் யூனிட்டில் ராஃபினேட் ஸ்ப்ளிட்டர் என்று, திரவத்தைச் சூடாக்கிப் பிரிக்கும் ஒரு டவர், 170 அடி உயரம். ஷட்டவுன் முடிந்து ஸ்டார்ட்-அப் நடக்கிறது. டவரின் லெவல் டிரான்ஸ்மிட்டர், அதாவது திரவ மட்டத்தை அளந்து பேனலுக்குச் சொல்லும் கருவி, அடிப்பக்கம் சில அடியைத்தான் பார்க்கும். அதற்கு மேலே திரவம் போனால் அதற்குக் கண் கிடையாது. ராத்திரி ஷிப்டில் ஃபீடை, அதாவது டவருக்குள் விடும் திரவத்தை ஏற்றும்போதே முதல் ஹை லெவல் அலாரம் அடித்துவிட்டது. ஆனால் ஸ்டார்ட்-அப்பில் லெவலைக் கொஞ்சம் தூக்கியே வைப்பது அங்கே பல வருடப் பழக்கம், புரொசீஜரில் என்ன எழுதியிருந்தாலும். யாரும் சட்டை செய்யவில்லை. தனியாக இருந்த இரண்டாவது ஹை லெவல் அலாரம் அடிக்கவே இல்லை. லெவலைக் கண்ணால் பார்க்க வைத்திருக்கும் சைட் கிளாஸ் அழுக்கேறி, உள்ளே இருப்பது தெரியாத நிலை. கருவிகள் சிலவற்றில் கோளாறு இருப்பது தெரிந்திருந்தும், சரிசெய்யாமலேதான் ஸ்டார்ட்-அப்பைத் தொடங்கினார்கள்.

ராத்திரி ஷிப்ட்காரர் லாக் புக்கில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். எவ்வளவு ஏற்றினோம், எங்கே நிறுத்தினோம் என்பது அதில் இல்லை. பகல் ஷிப்டில் பேனலில் உட்கார்ந்தவர் 29 நாளாக லீவே இல்லாமல் தினம் 12 மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர். சூப்பர்வைசர் வீட்டில் ஏதோ அவசரம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஃபீடு மறுபடி உள்ளே போகத் தொடங்கியது. வெளியே எடுக்கும் வால்வு மூடியே இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பேனலில் என்ன தெரிந்தது என்று கேள். இந்த இடத்தைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். லெவல் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. அந்த டிரான்ஸ்மிட்டர் டிஸ்பிளேசர் வகை. திரவத்தில் மூழ்கியிருக்கும் உருளையைத் திரவம் எவ்வளவு தூக்குகிறது என்பதை வைத்து லெவலைக் கணக்குப் போடும். உருளை முழுக்க மூழ்கிவிட்டால் அதற்கு மேல் ஏறுவது அதற்குத் தெரியாது. இதற்கிடையில் ஃபர்னஸ் பற்றவைத்துச் சூடேற்றுகிறார்கள். சூடாகச் சூடாகத் திரவத்தின் அடர்த்தி குறைகிறது, தூக்கும் விசை குறைகிறது. லெவல் இறங்குகிறது என்று கருவி சத்தியம் பண்ணுகிறது. நிஜத்தில் 158 அடிக்குத் திரவம் நிற்கிறது, பேனலில் 9 அடிக்கும் கீழே காட்டுகிறது.

பிற்பகலில் திரவம் மேல் குழாய் வழியாக வழிந்து இறங்கியது. அந்தக் கனத்தில் கீழே இருந்த, அழுத்தம் கூடினால் தானே திறக்கும் மூன்று ரிலீஃப் வால்வுகளும் திறந்துகொண்டன. அங்கிருந்து ஃப்ளேருக்கு, அதாவது வெளியேறும் வாயுவை எரிக்கும் உயரக் குழாய்க்குப் போயிருந்தால் எரிந்து தீர்ந்திருக்கும். போனது நேரே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் ஒரு பழைய புளோடவுன் டிரம்முக்கு, வெளியேற்றுவதைப் பிடிக்கும் தொட்டிக்கு. அதன் புகைபோக்கி வழியாக ஊற்று மாதிரி பீய்ச்சி அடித்தது. அதை ஃப்ளேரோடு இணைக்கலாம் என்ற பேச்சு அதற்கு முன் பல தடவை வந்து, வந்த தடவையெல்லாம் தள்ளிப்போனது. பக்கத்தில் இன்ஜினை அணைக்காமல் நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டிதான் பற்றவைத்திருக்க வேண்டும் என்கிறது அறிக்கை. 15 பேர் செத்தார்கள், 180 பேருக்குக் காயம்.

சரி, இதில் உனக்கு என்ன வேலை என்று கேட்பாய். உன் டிசிஎஸ், அதாவது பிளான்டை ஓட்டும் கம்ப்யூட்டர் ஸ்கிரீனை ஒரு தடவை திறந்து பார். டவருக்குள் போகும் ஃபீடும், அடியிலும் மேலேயும் வெளியே வரும் ஃப்ளோவும் ஒரே ஸ்கிரீனில் தெரிகிறதா? டெக்சாஸ் சிட்டியில் வேறு வேறு ஸ்கிரீனில் இருந்தன. மளிகைக் கடைக்காரர்கூட ராத்திரி ஷட்டர் இறக்குவதற்கு முன் வரவு எவ்வளவு, போனது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கிறார். அந்த டவருக்கு யாரும் அந்தக் கூட்டலைப் போடவில்லை. நீ படித்த மெட்டீரியல் பேலன்ஸ் பரீட்சையோடு முடிந்துபோன விஷயமில்லை. ஸ்டார்ட்-அப் அன்று அரை மணிக்கு ஒரு தரம் பேப்பரில் போடு. உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு, டவரின் கொள்ளளவு இவ்வளவு. லெவல் என்ன சொன்னாலும், இந்தக் கணக்கோடு ஒத்துவராவிட்டால் ஃபீடை நிறுத்து. நிறுத்திவிட்டு அப்புறம் காரணம் தேடலாம்.

அப்புறம் அந்த சைட் கிளாஸ் மாதிரி உங்களிடம் இருக்கும் லெவல் கேஜ் கிளாஸ். துடைக்கச் சொல், துடைத்த பிறகும் நம்பாதே. எங்கள் ஃபீல்டில் ஒரு பெரியவர் இருந்தார். புது இன்ஜினியர் யாராவது கேஜ் கிளாஸை எட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" என்றால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கனெக்ஷன் வால்வு அடைத்திருந்தால் நேற்றைய லெவலே கண்ணாடியில் அப்படியே நிற்கும் என்பார். கிளாஸில் இருப்பதைக் குளோஸ்டு டிரெயினில், அதாவது மூடிய வடிகால் குழாயில் இறக்கிவிட்டு, மறுபடி திறந்து, திரவம் எவ்வளவு வேகத்தில் ஏறி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். சட்டென்று ஏறினால் வழி சுத்தம், ஊர்ந்து ஏறினால் அடைப்பு. உன் ஆபரேட்டர்களில் அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார், தேடிப் பிடி. அவருக்கு உன்னைவிட டிகிரி கம்மியாக இருக்கும், இந்தியோ குஜராத்தியோ மட்டும்தான் பேசுவார். பரவாயில்லை, கூடவே நட.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு முழுசாகத் தெரியும் என்று நினைப்பது நம் பக்கமும் நடந்ததுதான். 2020 மே 7 விசாகப்பட்டினம் வாயுக் கசிவு ஞாபகம் இருக்கும், நீ அப்போது லாக்டவுனில் வீட்டில்தான் இருந்தாய். ஸ்டைரீன் என்ற ரசாயனம் இருந்த டேங்கின் அடியில் மட்டும்தான் வெப்பநிலை அளந்தார்கள். மேல்பகுதியில் சூடு கூடி அது தானே பாலிமராக மாறிக்கொண்டிருந்தது வெளியே தெரியவில்லை. 12 பேர் போனார்கள்.

ஷிப்ட் ஹேண்டோவர் பற்றி ஒரு விஷயம். போபாலில் 1984 டிசம்பர் 2 ராத்திரி, விஷ ரசாயனம் இருந்த 610-ஆம் நம்பர் டேங்கில் 10.20 வாக்கில் பிரஷர் 2 பிஎஸ்ஐ. 10.45-க்கு ஷிப்ட் மாறியது. 11 மணிக்குப் புது ஆள் பார்த்தபோது 10. வழக்கமாக 2-லிருந்து 25 வரைக்கும் இருக்கும் என்பதால் அந்த 10 அவர் கண்ணை உறுத்தவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் 2 இருந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அங்கே டேங்கைக் குளிர்விக்கும் ரெஃப்ரிஜரேஷன் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது, ஃப்ளேருக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றிக் கிடந்தது, வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் ஸ்டாண்ட்பையில் இருந்தது என்பதெல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று. எனக்கு மறக்காதது இந்த 2-ம் 10-ம்தான்.

அதனால் உன் யூனிட் லாக் புக்கில் "ஆல் நார்மல்" என்று எழுதுவதை நிறுத்தச் சொல். நம்பரை எழுதட்டும். முந்தின ஷிப்டில் எவ்வளவு, இப்போது எவ்வளவு. எந்த இன்டர்லாக், அதாவது ஆபத்து வந்தால் தானே நிறுத்தும் ஏற்பாடு, வேலை செய்யாதபடி பைபாஸில் இருக்கிறது, யார் சொல்லி, எத்தனை மணி வரைக்கும். குழாயை அடைக்கப் போட்ட எந்தப் பிளைண்டு இன்னும் எடுக்கவில்லை. ஆள் மாறும்போது ஐந்து நிமிடம் இருவரும் பேனல் முன்னால் சேர்ந்து நிற்கட்டும். பஸ் போய்விடும் என்பார்கள். டிரான்ஸ்போர்ட்டில் பேசி பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல். இது இன்ஜினியர் வேலையா என்று கேட்காதே, இதுதான் வேலை.

போர்டு விஷயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2004-ல், அதாவது வெடிப்புக்கு முந்தின வருடம், டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியின் காயக் கணக்கு அதன் சரித்திரத்திலேயே மிகக் குறைவு. விபத்துக்குப் பிறகு அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு மந்திரி ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2007-ல் அறிக்கை வந்தது. காயம் குறைந்ததை வைத்து பிராசஸும் பத்திரமாக இருக்கிறது என்று கம்பெனி நம்பிவிட்டது என்று அதில் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறார்கள். உன் மேனேஜரிடம் போய் இதைப் பிரசங்கம் பண்ணாதே, வேலைக்கு ஆகாது. அடுத்த மாத மீட்டிங்கில் அந்த போர்டு நம்பருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நம்பர் கேள். தேதி தாண்டியும் டெஸ்ட் பண்ணாத ரிலீஃப் வால்வுகள் எத்தனை, 24 மணி நேரத்துக்கு மேல் பைபாஸில் கிடக்கும் இன்டர்லாக்குகள் எத்தனை. பதில் உடனே வந்தால் நல்ல பிளான்ட். "பார்த்துச் சொல்கிறோம்" என்றால் நீயே போய் எண்ணு.

இன்னொன்று, நேரில் வந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். காண்ட்ராக்ட் ஆட்களின் கன்டெய்னர் ஆபீஸும் டீ குடிக்கும் ஷெட்டும் உங்கள் யூனிட்டிலிருந்து எவ்வளவு தூரம்? டெக்சாஸ் சிட்டியில் செத்த 15 பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள், டிரெய்லர் ஆபீஸ்களிலும் அவற்றை ஒட்டியும் இருந்தவர்கள். அவர்கள் வேலை செய்தது பக்கத்து யூனிட்டின் ஷட்டவுனுக்கு. இந்த டவர் ஸ்டார்ட்-அப் ஆகிறது என்றே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மிக அருகில் இருந்த டிரெய்லர் அந்த புளோடவுன் டிரம்மிலிருந்து 121 அடியில் இருந்தது, நம் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் தூரம்கூட இல்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் இந்த மாதிரி தற்காலிக ஆபீஸ்களை எங்கே வைக்கலாம் என்று அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 2007-ல் தனியாக ஒரு வழிகாட்டி போட்டது. உங்கள் ஷட்டவுனுக்கு வந்த பையன்களில் பாதிப்பேர் பீகார், ஒடிசாக்காரர்களாக இருப்பார்கள். ஸ்டார்ட்-அப் அன்று அவர்களை அந்தப் பக்கம் இருக்கவே விடாதே. வேலை பாக்கி இருக்கிறது என்று காண்ட்ராக்டர் கத்துவான். கத்தட்டும்.

நிறுத்து என்று நீ சொல்ல வேண்டிய நேரம் வந்தால், புரொடக்ஷன் பக்கத்திலிருந்து போன் வரும். தயவுசெய்து முன்கூட்டியே, எல்லாரும் நிதானமாக இருக்கும்போதே, எந்தெந்த நிலைமையில் ஸ்டார்ட்-அப்பை நிறுத்துவோம் என்று பேசி ஒரு பேப்பரில் எழுதி மேனேஜர் கையெழுத்தை வாங்கிவிடு. அந்த நேரத்தில் தைரியம் வேண்டும் என்று சொல்வார்கள். கையெழுத்து இருந்தால் தைரியம் கொஞ்சம் கம்மியாகவே போதும்.

உன் தூக்கம் பற்றி அம்மா எழுதச் சொன்னாள். முதல்நாள் ராத்திரி பிளான்டிலேயே கிடக்காதே, ரூமுக்கு வந்து படு. அந்த 29 நாள் மனிதரின் கதை மறுபடி வேண்டாம். உன் பேனல் ஆட்களின் ஓவர்டைம் ஷீட்டையும் ஒரு கண் பார்த்துவிடு.

பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் பார்சலில் வருகிறது. ஊறுகாய் பாட்டிலை அம்மா மூன்று கவரில் சுற்றியிருக்கிறாள், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. ஸ்டார்ட்-அப் தேதி முடிவானதும் சொல். அன்றைக்கு நாங்கள் போன் பண்ண மாட்டோம், முடிந்ததும் நீயே பண்ணு.

அன்புடன்,
அப்பா